பதினெட்டும் பதிமூன்றும்

யுத்தம் முடிந்த மறு வருஷம் சென்னை அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பெனி தொடங்கி ஐம்பது வருஷம் நிறைகிறது. அதற்காக லண்டனில் ஒரு புத்தகம் அச்சிடுகிறார்கள். ஒவ்வொரு கிளையும் தான் கட்டிய கட்டடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். ரங்கூன் அலுவலகமும் சிங்கப்பூர் அலுவலகமும் யுத்தத்தில் போய்விட்டன. அங்கே இருந்த வரைபடங்களெல்லாம் எரிந்து போயின. அதனால் மிச்சம் இருக்கும் கிளைகள் எதையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் அந்தக் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். "ஆரம்பத்திலிருந்து இங்கே இருப்பது நீங்கள் ஒருத்தர்தான். நீங்களே எழுதிவிடுங்கள்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கம்பெனியை இரண்டு நண்பர்கள் லண்டனில் ஒரு மாடி அறையில் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். பிறகு கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், சென்னை என்று கப்பல் நிற்கும் ஊர்களிலெல்லாம் கிளை வைத்தார்கள். பாங்கி, சுங்க ஆபீஸ், மாதாகோவில், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டினார்கள். ஓர் ஊரில் வரைந்த படம் இன்னோர் ஊருக்குத் தபாலில் போகும். அங்கே நாலு மாற்றம் செய்து கட்டுவார்கள். சேலத்துக்கு அவர்கள் வந்தது ஒரு நூல் மில்லுக்காக. அயோத்தியாப்பட்டணம் போகும் சாலையில் அந்த மில் எழும்பும் வரைக்கும் என்று வாடகைக்கு எடுத்த மூன்று அறைதான் எங்கள் கிளை. மில் முடிந்த பிறகும் வேலை வந்துகொண்டே இருந்ததால் கிளையும் நின்றுவிட்டது.

நான் நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். அண்ணன்மார் மூன்று பேரும் பண்ணையம் பார்த்தார்கள். எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும் என்று தொழிற்பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே வரையக் கற்றுக்கொண்டு, கம்பெனியில் டிரேசராகச் சேர்ந்தேன். சென்னையில் இருக்கும் வெள்ளைக்காரத் துரை கட்டடத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்புவார். அந்தப் படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, கோட்டுக்குக் கோடு, எண்ணுக்கு எண் மையால் எடுப்பது என் வேலை. துணியை வெயிலில் காட்டி நீலப் பிரதிகள் எடுப்போம். மேஸ்திரியின் கைக்குப் போவது அந்த நீலப் பிரதி. பென்சில் படம் சென்னைக்கே திரும்பிப் போய்விடும். பட்டியல் எழுதச் சொன்ன காலத்தில் நான் தலைமை டிராயிங்காரன் ஆகிவிட்டேன். எனக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள்.

பழைய படங்களை வைத்தே எழுதிவிடலாம். இருந்தாலும் ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுவோம் என்று கிளம்பினேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறும் இடத்தில், ஒரு காப்பித் தோட்டக்காரருக்கு நாங்கள் கட்டிய பங்களா இருந்தது. சீமை வழக்கப்படி துரை அதில் குளிர் காய ஒரு கணப்பு வைத்திருந்தார். அந்த வீட்டு அம்மாள் அதற்குள் புளிப் பானைகளை அடுக்கி வைத்திருந்தார். "நல்ல எடமுங்க, எலி வராது" என்றார். நாமக்கல்லில் கட்டிய மாணவர் விடுதிக்கு ரங்கூன் படத்தை எடுத்திருந்தோம். ஜன்னலெல்லாம் மேற்கே பார்த்தவை. பிள்ளைகள் சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போனால் ஈரச் சணல் நாற்றம். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, பங்களா எழிலானது, விடுதி காற்றோட்டமானது என்று எழுதினேன். அப்படி எழுதுவதில் எனக்கு அப்போது கூச்சம் ஒன்றும் இல்லை.

பட்டியலை மேனேஜரிடம் கொடுத்தபோது அவர் பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தார். அது பிரசவ வார்டு.

"இது வேண்டாம்."

"ஒன்றையும் விடக்கூடாது என்று எழுதியிருக்கிறார்களே?"

"விழுந்துபோன கட்டடத்தை யாராவது புத்தகத்தில் போடுவார்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சிரமத்தை மிச்சம் பிடிப்பவரைப் போலத்தான் சொன்னார்.

அந்த வார்டு சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தின் ஓரத்தில் இருந்தது. மில் முதலாளி, பிரசவத்தில் இறந்துபோன தன் தங்கையின் ஞாபகமாகக் கட்டிக்கொடுத்தார். பத்துக் கட்டில், முன்பக்கம் நீளமாக ஒரு வராந்தா, வராந்தாவுக்குச் செங்கல் தூண்கள், மேலே சுண்ணாம்பும் செங்கல்லும் போட்ட கனத்த மெத்தைக் கூரை. கொழும்பில் கட்டிய ஒரு வார்டைப் பார்த்துத் துரை வரைந்து அனுப்பினார். டிரேஸ் எடுத்தவன் நான்.

கட்டும்போது ஒரு நாள் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். மேஸ்திரி நீலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

"ஏனுங்க, மேல இத்தன பாரம் ஏறுது. தூணு ஒண்ணரக் கல்லுல நிக்குமுங்களா? ரெண்டு கல்லு வேணாமுங்களா?"

"படத்துல என்ன போட்டிருக்குது?"

"பதிமூணு அங்குலமுங்க."

"அப்பறம் என்ன மேஸ்திரி? இது நாலு தேசத்துல கட்டுன பிளானு. சீமையில படிச்சவங்க பாத்து அனுப்புனது. நம்ம ரெண்டு பேரும் அதத் திருத்த முடியுமா?"

"சரிங்க சாமி" என்று போய்விட்டார்.

வார்டு திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் பகலில் வராந்தாவில் ஒரு தூண் பிளந்து, தண்ணீர் ஊறிக் கனத்திருந்த மெத்தை மூன்று தூண் நீளத்துக்கு அப்படியே கீழே வந்தது. அன்று காலையில்தான் உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்க்க அவளுடைய மாமனார் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், குழந்தையைத் துடைத்துக் கொண்டுவருகிறேன் என்று நர்ஸ் சொல்ல, வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல்தான் விழுந்தது. வேறு யாருக்கும் அடியில்லை.

மறுநாள் நானும் மேனேஜரும் போனோம். அவரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் வந்த வண்டியின் மாடுகள் மட்டும் இன்னும் வேப்பமரத்தில் கட்டியிருந்தன. யாரோ அவற்றுக்கு ஒரு கட்டு சோளத்தட்டு போட்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து துரை வந்து பார்த்தார். படங்களையெல்லாம் அவரே கொண்டுபோனார். அளவு மீறிய மழை, நீர் இறங்கிவிட்டது என்று முடிவாயிற்று. காண்ட்ராக்டர் ஊரில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்: மேஸ்திரி கலவையில் சுண்ணாம்பைக் குறைத்துவிட்டான் என்று. நான் மழையை நம்பினேன். மேஸ்திரி கேட்டது நினைவுக்கு வரும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் வேகமாகச் செய்வேன். அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்ந்தது.

பட்டியலோடு சேர்த்து அனுப்பப் படங்கள் தேவைப்பட்டன. அவற்றை எடுத்துவரச் சென்னைக்குப் போனேன். ஆவண அறையில் தகரக் குழாய்களில் ஊர் ஊராகச் சுருட்டி வைத்திருப்பார்கள். சேலம் என்று எழுதிய குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மில், பங்களா, விடுதி. நாலாவது குழாயில் வார்டு இருந்தது. அடித்துவிட்ட வரிதானே, மூடி வைத்திருக்கலாம். மேஜையில் விரித்தேன்.

துரையின் பென்சில் படத்தில் தூணுக்கு எதிரே பதினெட்டு அங்குலம் என்று இருந்தது, மேஸ்திரி கேட்ட அதே இரண்டு கல். அவர் எட்டு போடும்போது இடது பக்கம் சேராமல் வாய் திறந்திருக்கும். அவசரமாகப் பார்த்தால் மூன்று போலத் தெரியும். ஆனால் அதே தூண் அந்தத் தாளில் இன்னும் இரண்டு இடத்தில் வந்திருந்தது. அங்கே எட்டு எட்டாகவே இருந்தது, யாருக்கும் சந்தேகம் வராத எட்டு. ஓர் அளவை மற்ற இடங்களோடு ஒத்துப் பார்க்காமல் எண் போடக்கூடாது என்பது டிரேசருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். நான் முதல் இடத்தில் பதிமூன்று என்று எடுத்துவிட்டு, அதையே மற்ற இரண்டு இடங்களிலும் பார்க்காமல் போட்டிருந்தேன். பக்கத்தில் என் மெழுகுத் துணி. பதிமூன்று, பதிமூன்று, பதிமூன்று. என் அழகான கையெழுத்து. அதில் ஒன்றைச் சுற்றி யாரோ சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்.

துணியின் மூலையில் இரண்டு கட்டம் இருக்கும். வரைந்தவர் என்ற கட்டத்தில் என் சுருக்கக் கையெழுத்து. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் துரையின் சுருக்கக் கையெழுத்து.

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. ரெக்கார்டு குமாஸ்தா வந்து, "என்ன சார், வேர்க்கிறதா? விசிறியைப் போடட்டுமா?" என்று கேட்டார். வார்டுச் சுருளையும் மற்றவற்றோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு சேலத்துக்கு ரயில் ஏறினேன்.

மேனேஜர் அறையில் கதவைச் சாத்திவிட்டு இரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டேன்.

"துரை வந்துவிட்டுப் போன வாரமே தெரியும்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் உங்களை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் எதற்கு என்று கேட்பார்கள். சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும்." பிறகு, "நீங்கள் நல்ல வேலைக்காரர். அதற்குப் பிறகு ஒரு தப்பு செய்ததில்லை. அது போதாதா?" என்றார்.

ஒன்பது வருஷமாக என்னைக் கைவிடாமல் வைத்திருந்ததையும், தலைமை டிராயிங்காரன் ஆக்கியதையும் என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். வீட்டில், ஊரில், அண்ணன்மாரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

முதலில் மேஸ்திரியைத் தேடினேன். திருச்செங்கோட்டுப் பக்கம் அவர் ஊர். யுத்த காலத்திலேயே இறந்துவிட்டார் என்றார்கள். வார்டு விழுந்த பிறகு ஒரு காண்ட்ராக்டரும் அவரைக் கூப்பிடவில்லை. கடைசியில் கிணற்றுக்குக் கல் கட்டப் போய்க்கொண்டிருந்தாராம். அவர் மகனிடம் நான் யார் என்று சொன்னேன். எதற்காக வந்தேன் என்பதையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "எங்கப்பன் சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாருங்க, கலவை நல்ல கலவைதான்னு" என்றான். என்னை உட்காரவும் சொல்லவில்லை.

வராந்தாவில் இறந்த அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"போய்ச் சொன்னா செத்தவரு எந்திரிச்சு வந்துருவாருங்களா?" என்று கேட்டாள்.

"வரமாட்டாரு."

"வேலை போயிருமுங்க."

"போனாலும் போவும்."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "வெயிலுக்கு முன்னால போங்க" என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். விசாரித்துக்கொண்டு போனபோது வாசலில் ஒரு பெண் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டுக்காரர் நாமக்கல் சந்தைக்குப் போயிருக்கிறார், மாமியார் காட்டு வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று வார்டில் பிள்ளை பெற்றவள் அவள்தான் என்று பேச்சில் தெரிந்தது.

மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். படம் என்றால் என்ன, டிரேஸ் என்றால் என்ன, நான் எங்கே தவறினேன், மேஸ்திரி கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த கடலைக்காயை உருட்டிக்கொண்டே கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"அப்ப மழையில்லீங்களா?" என்றாள்.

"மழையும்தான் அம்மிணி. தூணு சரியா இருந்திருந்தா மழைக்கு நின்னிருக்கும்."

"எம்புள்ளையினால இல்லீங்களே?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அன்னைக்குப் பொறந்தது பொட்டப்புள்ளைங்க. தாத்தன முழுங்கிப்போட்டு வந்தவளுன்னு எங்கத்தை அதத் தொடமாட்டேன்னுட்டாங்க. அவ மொகத்துல முழிச்சா இன்னொரு சாவு உழும்னு கோயில் பூசாரி வேற சொல்லிப்போட்டாரு. மூணாம் மாசம் எங்கண்ணன் ஊட்டுல கொண்டுபோய் உட்டதுதானுங்க. இப்ப ஒம்போது வயசு ஆவுது. மாரியாத்தா நோம்பிக்கு நா போவேன், பாப்பேன், வந்துருவேன். எங்கூட்டுக்காரரு ஒரு தடவகூட வந்ததில்ல. அதுக்கப்பறம் பொறந்த பசங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கறாங்க."

நான் ஒரு சாவுக்குத்தான் தயாராகி வந்திருந்தேன்.

"இத ஒரு காயிதத்துல எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். "நா வாயில சொன்னா எடுபடாதுங்க. புள்ளையக் கூட்டியார நானே கட்டுன கதைம்பாங்க."

"சேலம் போயி நல்லா எழுதித் தபால்ல அனுப்பறேன் அம்மிணி."

"இப்பவே எழுதுங்க. ஊட்டுக்குப் போனா உங்களுக்கு வேற நெனப்பு வந்துருமுங்க."

உள்ளே போய் மூத்த பையனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து எழுதினேன். என் பெயர், நான் பார்க்கும் வேலை, பதினெட்டு என்பதைப் பதிமூன்று என்று எழுதியது, அதனால் தூண் மெலிந்தது, வராந்தா விழுந்தது. கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னாள்.

"கொழந்தைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு போட்டிருக்கறீங்களா?"

போடவில்லை. கட்டடத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். கையெழுத்துக்குக் கீழே அவள் சொன்னபடியே அதையும் எழுதி, மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். அவள் தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "மோரைக் குடிங்க, புளிச்சுப்போவுது" என்றாள்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்காரர் சேலம் அலுவலகத்துக்கு வந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். மாடியில் நீலப் பிரதிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தோம். உயரமான மனிதர், தலையில் துண்டு, காலில் செருப்பு இல்லை. நான்தான் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தக் கோட்டக் காட்டுங்க" என்றார்.

என் மேஜைக்கு அழைத்துப் போய் இரண்டு படங்களையும் விரித்தேன். பென்சிலில் இருந்த எட்டையும் என் மையில் இருந்த மூன்றையும் காட்டினேன். கணக்கு எண் அவருக்குத் தெரிந்திருந்தது. குனிந்து, விரலை அந்த எண்ணின் மேல் வைத்தார். விரலை எடுத்தபோதுதான் எண் தெரிந்தது, அவ்வளவு சின்னது.

"இத்தினியூண்டுங்களா?"

"ஆமாங்க."

"எங்கப்பன் மேல உளுந்தது இதுங்களா?"

மற்ற இரண்டு டிராயிங்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"உங்கள அடிக்கறதுன்னுதான் பஸ் ஏறுனனுங்க. வழியெல்லாம் அதே நெனப்பு. இங்க வந்து பாத்தா கையி வரமாட்டீங்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒம்போது வருசம் எங்க இருந்தீங்க?"

"இங்கதாங்க. இதே நாற்காலியில."

"நாங்க எங்க இருந்தோம்னு உங்களுக்குத் தெரியுமுங்களே?"

"தெரியுமுங்க."

"எம்புள்ள எந்தச் சாடைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. நோம்பி நாள்ல அந்த ஊரு வழியா வண்டியில போவேன். மச்சான் ஊட்டு வாசல்ல நெறையப் புள்ளைங்க ஆடிக்கிட்டிருக்கும். எதுன்னு பாக்காமலே மாட்ட முடுக்கிருவேன். பாத்தா எங்கம்மாளுக்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயமுங்க." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பூசாரி சொன்னாரு, நம்புனேன். நீங்க சொல்றீங்க, நம்பறேன். எனக்குன்னு தானா ஒண்ணும் தோணலியே, அதுதானுங்க."

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படியில் இறங்கும்போது, "வாரனுங்க" என்றார், பழக்க தோஷத்தில்.

மேனேஜர் எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுவிட்டார். பிறகு என்னிடம் விசாரித்து, நான் எழுதிக் கொடுத்ததையும் தெரிந்துகொண்டு சென்னைக்கு எழுதினார். அந்த வாரமே சென்னையிலிருந்து துரையின் கடிதம் வந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அது மனக்குழப்பத்தில் எழுதியது என்று ஒரு கடிதம் தர வேண்டும். அப்படிச் செய்தால் இந்த விஷயம் இத்தோடு போய்விடும். கடுமையாக ஒரு வார்த்தைகூட இல்லை. யுத்தத்தில் மகனை இழந்தவர் அவர். அந்தக் கடிதத்தின் கடைசியில், சரிபார்த்திருக்க வேண்டியவன் நான், அதை நான் மறக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வெளியில் சொல்லியிருந்தால் மேஸ்திரி கிணற்று வேலைக்குப் போயிருக்க மாட்டார் என்று நினைத்தேன். நானும் அந்த நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் அவரை அதற்கு மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாளை வாங்க முடியாது என்று எழுதினேன். ராஜினாமாவையும் சேர்த்து அனுப்பினேன். மேனேஜர் என்னைப் படி வரைக்கும் வந்து வழியனுப்பினார். நான் கோடு போட்டு வந்த வரைகோலை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நாலு மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஒரு சின்னக் காண்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். நெல் கிடங்கு, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், அந்த மாதிரி வேலைகள். மேஸ்திரிமார் எதையாவது கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். சில நாள் ஒரே அளவை ஏழெட்டுத் தடவை பார்ப்பேன். கை அடுத்த கோட்டுக்குப் போகாது. காண்ட்ராக்டர் சலித்துக்கொள்வார்.

கம்பெனிப் புத்தகம் அச்சாகி வந்தபோது மேனேஜர் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். கனமான காகிதம், லண்டன் அலுவலகத்தின் வாசல் படம், தொடங்கிய இரண்டு நண்பர்களின் படம். சேலத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். மில், பங்களா, காற்றோட்டமான விடுதி. என் வாக்கியங்களை இங்கிலீஷில் அழகு பண்ணிப் போட்டிருந்தார்கள். வார்டு இல்லை.

அடுத்த தை மாதம் சேந்தமங்கலம் கடைவீதியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். துணி எடுக்க வந்திருந்தாள். அவளே கூப்பிட்டு நின்று பேசினாள். காகிதத்தை வாத்தியாரை வைத்து எல்லோர் முன்னாலும் படிக்கச் சொன்னாளாம். மாமியார் கேட்டுவிட்டு, "கோடு தப்புனா தப்பட்டும், அவ ஏன் அன்னைக்குன்னு பாத்துப் பொறக்கோணும்?" என்று எழுந்து போய்விட்டாராம். வீட்டுக்காரர் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனாராம்.

"புள்ள வந்துச்சா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க. யாரோ பொறத்தியாருன்னு குதிருக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிச்சு. அத்தைக்காரியத்தான் அம்மாங்குது. அவிய அரை நாளு உக்காந்து பாத்துட்டு வந்துட்டாங்க."

"அப்பறம்?"

"மறு வாரமும் போனாங்க. இப்பவும் போறாங்க, வாரா வாரம் சந்தைக்குப் போறப்ப. அவ பக்கத்துல வரமாட்டா, தூரத்துல நின்னு பாப்பா. இவியளும் கூப்பிடறதில்ல. பொங்கலுக்குக் கரும்பு வாங்கிட்டுப் போய் வாசல்ல சாத்தி வெச்சுப்போட்டு வந்தாங்க. அதத் தின்னாளாம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பாவாடைத் துணி ஒன்றை எடுத்துக் காட்டி, ஒன்பது வயசுக்கு இந்த நீளம் போதுமா என்று கடைக்காரரிடம் கேட்டாள். பிள்ளையைக் கூட்டிவந்தால்தான் சொல்ல முடியும் என்றார் அவர். எதற்கும் அரை கெஜம் சேர்த்தே கிழிக்கச் சொன்னாள்.